பெரியராணியின் பங்கு

இரண்டு செம்பருத்திப் பூக்களை இளவழகன் ஒரே நேரத்தில் தொட்டித் தண்ணீரில் விட்டான். கிழக்கே போன பூ தொட்டியின் கல்வாயைத் தாண்டி, சிமென்ட் தரையில் வழுக்கிக்கொண்டு ஓடி, தோட்டத்து மதிலுக்கு அடியில் புகுந்து மறைந்தது. மேற்கே விட்ட பூ கல்வாயில் போய் நின்றது. ஒரு சுற்றுச் சுற்றியது. போவதா வேண்டாமா என்று யோசிப்பதைப்போல மெல்ல நகர்ந்தது. அது மதிலை எட்டுவதற்குள் அவன் எழுந்து போய் டேப்பை எடுத்து வந்து இரண்டு கல்வாய்களின் அகலத்தையும் மறுபடி அளந்துவிட்டான்.

ஒரே அகலம். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தான். நடுவிலிருந்த குமிழி அசையவில்லை. அதையும் நம்பாமல், ஒரு டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை இந்த வாயிலும் மறு முனையை அந்த வாயிலும் பிடித்துப் பார்த்தான். இரண்டு வாய்களும் ஒரே உயரம். தொட்டி ஒன்று, தண்ணீர் ஒன்று, வாயும் ஒன்றுபோல. அப்படியிருந்தும் கிழக்கே பாதிக்கு மேல் போகிறது, மேற்கே பாதிக்கும் குறைவாகப் போகிறது. ஏன்?

"சார், அளந்து அளந்து டேப்பு தேஞ்சிரும்" என்றார் காவல்காரர் ஐயாவு, மகிழமரத்தடியில் நாற்காலியைப் போட்டபடி.

வெட்டாற்றங்கரையில் இருக்கும் அந்த இடத்துக்கு ராணித்தோட்டம் என்று பெயர். மராட்டிய ராஜா ஒருவர் தன் குடும்பத்துக்காகப் போட்ட சமாதித் தோட்டம். வடகோடியில் ராஜாவின் சமாதி, எட்டுத் தூணும் ஒரு குவிமாடமுமாக நிற்கிறது. அதற்கு முன்னால் கருங்கல் தொட்டி. தொட்டிக்கு மேற்கே பெரியராணியின் சமாதி, கிழக்கே சின்னராணியின் சமாதி. இரண்டுக்கும் ஒரே அளவு மேடை, ஒரே மாதிரி சுதைக்கிளிகள். கிளிகளின் எண்ணிக்கையில்கூட ஒன்று அதிகமாகவோ குறையவோ விடவில்லை ராஜா. இருவருக்கும் ஆளுக்கொரு கிராமத்தை இனாமாக எழுதி வைத்தவர், தண்ணீருக்கு அவர்கள் சண்டை போட்டுக்கொள்ளக் கூடாதென்று இந்தத் தொட்டியைக் கட்டினாராம். ஆற்றிலிருந்து வரும் வாய்க்கால் முதலில் தொட்டிக்குள் வந்து அடங்கும். தண்ணீர் நிதானித்த பிறகு மேற்கு வாய் வழியாகப் பெரியராணி வாய்க்காலுக்கும், கிழக்கு வாய் வழியாகச் சின்னராணி வாய்க்காலுக்கும் பிரியும். பெரியராணி வாய்க்கால் புன்னைக்குறிச்சிக்குப் போகிறது, சின்னராணி வாய்க்கால் கோரைத்தோப்புக்கு. தராசுத் தொட்டி என்றுதான் இரண்டு ஊரிலும் சொல்வார்கள்.

ஆடிப்பெருக்கன்று இரண்டு ஊர்ப் பெண்களும் தோட்டத்துக்கு வருவார்கள். தொட்டிக்கரையில் காப்பரிசி வைத்துக் கும்பிட்டுவிட்டு, ஊருக்கொரு செம்பருத்தியை ஒன்றாக விடுவார்கள். இரண்டு பூவும் ஏறக்குறைய ஒன்றாக மதிலைத் தாண்டிவிட்டால் குலவை. அந்த வருஷத்துக்குத் தண்ணீர் பற்றி யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை. இந்த ஆடியில் பெரியராணியின் பூ கல்வாயிலேயே நின்றுவிட்டது. முதலில் சிரித்தார்கள். "சக்களத்தி சண்ட திரும்ப ஆரம்பிச்சிருச்சு" என்றாள் ஒருத்தி. ஆவணி பிறந்து, சம்பா நாற்றங்கால் விட்ட பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஏனென்றால் ஆடிக்கு முன்புதான் தோட்டத்தைப் புதுப்பித்து முடித்திருந்தார்கள். புதுப்பித்த கம்பெனியின் இன்ஜினியர் இளவழகன். அவன் சொந்த ஊர் கோரைத்தோப்பு.

அவன் மனைவி எழில்மொழியின் ஊர் புன்னைக்குறிச்சி.

போன வாரம் புன்னைக்குறிச்சி மாரியம்மன் கோயில் வாசலில் ஊர் கூடியது. கோரைத்தோப்புக்காரன் வேலை எடுத்தான், தன் ஊருக்குத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டான் என்று ஒருவர் சொல்ல, பத்துப் பேர் ஆமாம் என்றார்கள். எழில்மொழியின் அண்ணன் செல்லதுரை எழுந்து நின்றான். "என் தங்கச்சிய கட்டினவரு அவரு. அவரு ஊருக்குன்னு ஓரவஞ்சன பண்ணிருந்தா, என் நாத்தங்கால்ல நானே மாட்ட அவுத்து விட்டு மேய்க்கிறேன்." அதோடு கூட்டம் கலைந்தது. செல்லதுரையின் நாற்றங்கால்தான் வாய்க்காலின் கடைசியில் இருந்தது. முதலில் மஞ்சளடித்ததும் அதுதான்.

இதை எழில்மொழி சொல்லக் கேட்ட நாளிலிருந்து இளவழகனுக்குச் சோறு இறங்கவில்லை. மச்சான் தன்மேல் பழி போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். ஜாமீன் நின்றதைத்தான் தாங்க முடியவில்லை.

காரணம் இருந்தது. தோட்டத்து வேலையின் கடைசி நாளில் ஒரு லாரி சிமென்ட் கலவை மிஞ்சியது. கலவை காத்திருக்காது; எங்காவது கொட்டியாக வேண்டும். மதிலுக்கு வெளியே கிழக்கு வாய்க்காலும் மேற்கு வாய்க்காலும் ஒரே தூரத்தில்தான் இருந்தன. "எந்தப் பக்கம் சார்?" என்று டிரைவர் கேட்டான். இளவழகன் யோசிக்கவில்லை. யோசிக்காததுதான் தப்பு என்று இப்போது தோன்றியது. கை தானாகக் கிழக்கே காட்டியது. அன்று மாலைக்குள் சின்னராணி வாய்க்காலின் தலைப்பகுதி வழவழவென்று சிமென்ட் பூசி நின்றது. அவன் அப்பா வந்து பார்த்து, "பரவால்லயே" என்றார். அந்த ஒரு வார்த்தையில் அவனுக்கு மனசு குளிர்ந்துபோனதும் உண்மை.

பெரியராணி வாய்க்கால் எப்போதும்போலக் கோரையும் ஆகாயத்தாமரையுமாகக் கிடந்தது. புன்னைக்குறிச்சிக்காரர்கள் இறங்கி அரித்தார்கள். கொஞ்சம் தேறியது. நாலு நாளில் பழையபடி ஆனது. கிழக்கு வாயில் ஒரு செங்கல்லை வைத்துக் குறுக்கிப் பார்த்தான் இளவழகன். ஆற்றில் தண்ணீர் கூடும்போது ஒரு கணக்கு, குறையும்போது ஒரு கணக்கு என்று பங்கு அலைபாய்ந்தது. கோரைத்தோப்பிலிருந்து ஆள் வந்து செங்கல்லை எடுத்து வீசிவிட்டுப் போனார்கள். அதுவும் நியாயம்தான்.

அப்படித்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் டேப்பும் பூவுமாக உட்கார்ந்திருந்தான். வெள்ளிக்கிழமை தோட்டத்துக்குத் திறப்பு விழா.

வாசலில் பைக் சத்தம் கேட்டது. எழில்மொழி தூக்குவாளியோடு இறங்கினாள். ஓட்டி வந்தவன் செல்லதுரை.

"என்ன மாப்ள, ராணிங்களுக்கு அளவெடுத்து ஜாக்கெட்டு தைக்கப் போறீங்களா?"

"வாங்க மச்சான்" என்றான் இளவழகன். முகத்தைப் பார்க்க முடியாமல் டேப்பைச் சுருட்டினான்.

புதுப்பித்த பிறகு எழில்மொழி தோட்டத்தைப் பார்த்ததில்லை. மூவரும் சுற்றி வந்தார்கள். சமாதி மேடைகளில் பாசி சுரண்டிச் சுண்ணாம்பு பூசியிருந்தது. உடைந்த சுதைக்கிளிகளுக்கு மூக்கு வைத்திருந்தார்கள். வேறு நாளாக இருந்தால் இளவழகன் விடாமல் பேசியிருப்பான்: சுண்ணாம்பைக் கடுக்காய்த் தண்ணீரில் ஏன் ஊற வைக்கிறோம், குவிமாடத்தின் எடை தூண்களுக்குள் எப்படி இறங்குகிறது, தூண் ஏன் நடுவில் பருத்திருக்கிறது. எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொல்லிக் காட்டுவதில் அவனுக்கு அத்தனை ஆசை. இன்று வாய் வரவில்லை.

தொட்டிக்கு முன்னால் வந்ததும் எழில்மொழி, "இது நல்லாருக்குங்க" என்றாள். தொட்டியின் இரண்டு வாய்களிலிருந்தும் தண்ணீர், கண்ணாடிபோல, மட்டமான தரையில் பரவி ஓடியது. இரு பக்கமும் நின்று படமெடுத்துக்கொள்ள மேடையும் கைப்பிடியும் இருந்தன. அவன் செய்த வேலைகளிலேயே அவனுக்குப் பிடித்தது அந்தத் தரைதான். ஒரு சரிவு, ஒரு மேடு இருக்காது.

"மாப்ள கை பட்டா தண்ணிகூட அடக்கமா போவுது பாரு எழிலு" என்றான் செல்லதுரை. "எங்க ஊரு பக்கம்தான் ரொம்ப அடக்கமா போவுது."

அது கிண்டல்தான். ஆனால் இளவழகனுக்கு அதற்குமேல் முடியவில்லை.

"மச்சான், மிச்சக் கலவைய நான்தான் எங்க ஊர் வாய்க்கால்ல கொட்டச் சொன்னேன்."

செல்லதுரை திரும்பிப் பார்த்தான்.

"லோடு மிஞ்சிச்சு. எந்தப் பக்கம்னு கேட்டான். கிழக்கன்னு கைய காட்டிட்டேன். உங்க பக்கமும் அதே தூரம்தான். காட்டியிருக்கலாம். காட்டல."

ஐயாவு நாற்காலியை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார்.

"அப்ப," என்றான் செல்லதுரை மெதுவாக, "நான் போயி மாட்ட அவுத்து விடணும். அப்படித்தானே?"

"அண்ணே!"

"நீ சும்மா இரு எழிலு. ஊருக்கு முன்னாடி வாய விட்டது நானு. மாப்ள, நீங்க அன்னிக்கே சொல்லியிருந்தா நான் கம்முனு ஒரு ஓரமா குந்திருப்பேன்ல?"

"நாளைக்கே அந்த சிமென்ட்ட உடைச்சிடுறேன் மச்சான்."

"உடைச்சா எங்க வாய்க்கால்ல தண்ணி வந்துருமா?"

இத்தனை நாளும் இளவழகன் அந்தச் சிமென்ட்தான் காரணம் என்று நம்பிக்கொண்டிருந்தான். அதுதான் அவன் தெரிந்தே செய்த தப்பு. ஆகவே கெட்டதெல்லாம் அதிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஆனால் மச்சான் நேராகக் கேட்டபோதுதான் உறைத்தது: கோரைத்தோப்பு வாய்க்காலில் வண்டல் வாரிச் சுத்தமாக வைத்த வருஷங்கள் முன்பும் உண்டு. புன்னைக்குறிச்சியில் கோரை மண்டிய வருஷங்களும் உண்டு. அப்போதெல்லாம் இரண்டு பூவும் ஒன்றாகத்தான் போயின.

"தெரியல மச்சான்" என்றான்.

"நல்லாருக்கு."

எழில்மொழி புருஷன் பக்கம் பார்க்கவில்லை. கலவை விஷயம் அவளுக்கும் இப்போதுதான் தெரிகிறது. பெரியராணியின் மேடையில் போய் உட்கார்ந்து போனை எடுத்தாள். "வேலைக்கு முன்னாடி இந்த எடம் எப்படி இருந்துச்சுன்னு பாப்போம். கல்யாணத்துக்கு இங்கதானே படம் புடிச்சாங்க" என்றாள், பொதுவாக யாரிடமோ சொல்வதுபோல.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் எடுத்த வீடியோ அது. இளவழகன் கோட்டும் எழில்மொழி பட்டுப்புடவையுமாக இதே தொட்டிக்கரையில் நிற்கிறார்கள். போனிலிருந்து ஒரே இரைச்சல் கிளம்பியது. அந்த இரைச்சலுக்கு மேல் போட்டோகிராபர் தொண்டை கிழியக் கத்துகிறார்: "அக்கா, இன்னும் கிட்ட! கிட்டக்கா! அண்ணே, சிரிங்க! என்னது? சிரிங்கண்ணே!"

"என்னடி இப்படிக் கத்துறான்?" என்றான் செல்லதுரை.

"தண்ணி சத்தம்ணே. ஒண்ணுமே கேக்கல அன்னிக்கு. நான் நாலு தடவ என்ன என்னன்னு கேட்டேன்."

மூவரும் ஒரே நேரத்தில் தொட்டியைப் பார்த்தார்கள். தண்ணீர் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

இளவழகன் போனை வாங்கி மறுபடி ஓடவிட்டான். கோட்டுப் போட்ட தன்னையோ பட்டுடுத்த மனைவியையோ அவன் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பின்னால், கல்வாய்க்கு வெளியே, ஒரு முழ ஆழத்தில் கருங்கல் குழி தெரிந்தது. கல்வாயிலிருந்து தண்ணீர் அந்தக் குழிக்குள் தொபதொபவென்று விழுந்து, நுரைத்து, அதன் பிறகுதான் வாய்க்காலாக ஓடியது. இரண்டு பக்கமும் அப்படித்தான். கொசு வருகிறது, பிள்ளைகள் விழுந்துவிடும், பார்க்க அசிங்கம் என்று அந்தக் குழிகளையும் அவற்றை ஒட்டிய வாய்க்கால் தரையையும் கல் போட்டுத் தூர்த்து, கல்வாயின் மட்டத்துக்கு உயர்த்தி, மேலே வழவழப்பாகத் தளம் போட்டது அவன்தான்.

வீடியோவை அங்கேயே நிறுத்தினான். குற்றவுணர்ச்சிக்கு நடுவிலேயே அவனுக்கு விஷயம் மளமளவென்று விளங்கியது.

டீக்கடையில் டீ ஆற்றுவதைப் பார்த்தால் போதும். மாஸ்டர் மேல் டம்ளரை உயரே பிடித்து ஊற்றும்போது, கீழ் டம்ளர் காலியா பாதி நிறைந்ததா என்பது மேலே இருக்கும் டீக்குத் தெரியாது. அது பாட்டுக்கு விழும். அதே டம்ளரை இறக்கி, அதன் வாய் கீழே இருக்கும் டீக்குள் முங்கும்படி பிடித்தால் என்ன ஆகும்? கீழே நிறைய நிறைய, மேலிருந்து வருவது தயங்கும். கீழே இருப்பது மேலே இருப்பதைத் தள்ளிப் பிடிக்கிறது. கல்வாயும் அப்படித்தான். குழி இருந்தவரை தண்ணீர் விழுந்தது. அதற்குப் பிறகு அது சிமென்டில் ஓடினாலும் சரி, கோரைக்குள் சிக்கினாலும் சரி, அந்தச் சேதி தொட்டிக்கு எட்டாது. குழியைத் தூர்த்த பிறகு தண்ணீர் விழவில்லை, ஓடுகிறது. பெரியராணி வாய்க்காலில் கோரை பிடித்து நிறுத்தும் தண்ணீர் பின்னோக்கித் தேங்கிக் கல்வாய் வரை வந்து முட்டுகிறது. பூ நின்றது அதனால்தான். சின்னராணி வாய்க்காலில் தடுப்பது ஒன்றுமில்லை. வழவழப்பு இழுத்துக்கொண்டு போகிறது. மிச்சக் கலவை அந்த இழுப்பைக் கூட்டியது. ஆனால் இழுப்பையும் தேக்கத்தையும் தொட்டி வரை வரவிட்டது இந்தத் தளம்.

தெரிந்து செய்த தப்பு பாதி கூட இல்லை. பெருமையாகச் செய்த வேலைதான் முழுத் தப்பு. அது அவனுக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

"மச்சான், ஒரு மணல் மூட்ட வேணும்."

"எதுக்கு, என் தலையில போடவா?"

"எங்க ஊர் வாய்க்கால அடைக்க."

செல்லதுரை எழுந்துவிட்டான். ஐயாவுவின் கொட்டகைக்குப் பக்கத்தில் மிஞ்சிக் கிடந்த மூட்டைகளில் இரண்டை இருவருமாக மதிலுக்கு வெளியே தூக்கிப் போய், சின்னராணி வாய்க்காலுக்குள் முக்கால் அகலத்துக்கு வைத்தார்கள். தொட்டியை யாரும் தொடவில்லை. கல்வாய்களையும் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் மூட்டைக்குப் பின்னால் தேங்கிய தண்ணீர் மெல்ல மெல்ல ஏறி, மதிலடியில் நுழைந்து, தளத்தின்மேல் வந்து நின்றது. எழில்மொழி இரண்டு செம்பருத்தியைப் பறித்து வந்தாள். ஒன்றாக விட்டாள்.

இரண்டு பூவும் ஒன்றுபோலத் தயங்கின. ஒன்றுபோல நகர்ந்தன.

"யப்பா" என்றான் செல்லதுரை. "மூட்டையை அங்க வச்சா தண்ணி இங்க தெரிஞ்சிக்குதே!"

"அதான் தப்பு மச்சான். அது தெரிஞ்சிக்கவே கூடாது."

குழி, தளம், டீ டம்ளர் எல்லாவற்றையும் விளக்கினான். பாதியில் செல்லதுரை கையைக் காட்டி நிறுத்தினான். "புரிஞ்சிருச்சு. எப்ப உடைக்கிறது?"

இளவழகன் தளத்தைப் பார்த்தான். வெள்ளிக்கிழமை விழா. கம்பெனி முதலாளி நெடுமாறனுக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் போட வேண்டிய தேவையே இல்லாமல் அவர் குரல் தோட்டம் முழுக்கக் கேட்டது.

"உடைக்கப் போறியா? அந்தத் தளத்த நோட்டீஸ்ல போட்டோ புடிச்சுப் போட்டுருக்கோம்யா!"

"நான் போட்டதுதான் சார் தப்பு. பழைய குழிய மூடியிருக்கக் கூடாது."

"உனக்கு முன்னாடியே தெரியாதா?"

"தெரிஞ்சிருக்கணும் சார்."

அந்தப் பக்கம் நோட்டீஸைக் கசக்கும் சத்தம் கேட்டது. "உடை. விழா அன்னிக்கு உடைஞ்ச தரைக்கு முன்னாடி நீதான் நிக்கணும். நான் நிக்க மாட்டேன். கேக்குறவங்களுக்கு நீயே பதில் சொல்லு."

"சொல்றேன் சார்."

போனை வைத்தபோது எழில்மொழி அவன் பக்கத்தில் நின்றிருந்தாள். "கலவை விஷயத்த என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றாள். தூக்குவாளியை நிழலுக்குத் தள்ளி வைத்துவிட்டுப் புடவையை இழுத்துச் செருகினாள்.

"அந்தச் சிமென்ட்டு வழக்க நீங்க ரெண்டு பேரும் வீட்ல போயி பேசிக்குங்க" என்றான் செல்லதுரை, கொட்டகையிலிருந்து கடப்பாரையைத் தூக்கி வந்து மாப்பிள்ளையின் கையில் திணித்தபடி. "மொத அடி நீங்கதான் போடணும்."

ஐயாவு தொட்டிக்கு வரும் வாய்க்காலைப் பலகை போட்டு அடைத்தார். முதல் அடியில் தளம் கொஞ்சமும் அசையவில்லை. அத்தனை நன்றாகப் போட்டிருந்தான். மேற்குப் பக்கம் முதலில். பிறகு, யாரும் சொல்லாமலே, கிழக்கு. மத்தியானத்துக்குள் புன்னைக்குறிச்சியிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். சத்தம் கேட்டுக் கோரைத்தோப்பிலிருந்தும் வந்தார்கள், முதலில் சண்டைக்கு, பிறகு வேடிக்கை பார்க்க, பிறகு கல் அள்ள. கூட்டத்தில் இளவழகனின் அப்பாவும் இருந்தார். மகன் சொந்த வேலையைத் தானே உடைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தத் தடவை பரவாயில்லை என்று சொல்லவில்லை. ஒரு கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

வெயில் தாழ்ந்தபோது இரண்டு குழிகளும் பழைய கருங்கல் அடி தெரியும்வரை காலியாகியிருந்தன. தூர்த்திருந்த வாய்க்கால் தரையும் பழைய ஆழத்துக்கு இறங்கியிருந்தது. கிழக்கு வாய்க்காலில் வைத்த மணல் மூட்டைகளை எடுத்துவிட்டார்கள். ஐயாவு அடைத்திருந்த பலகையை எடுத்ததும் தண்ணீர் இரண்டு வாயிலும் தொபதொபவென்று விழுந்தது. எழில்மொழி பூக்களை விட்டாள். இரண்டும் குப்புற விழுந்து, நுரைக்குள் முங்கி, எழுந்து, ஒன்றன்பின் ஒன்றாக அல்ல, ஒன்றாகவே மதிலடியில் புகுந்தன. எந்த ஊர்ப் பெண் முதலில் குலவை போட்டாள் என்று இரைச்சலில் தெரியவில்லை.

செல்லதுரையின் நாற்றங்காலுக்குத் தண்ணீர் போய்ச் சேர ராத்திரி ஆகும். நாற்று பிழைக்கும். மஞ்சளடித்ததுதான், கருகவில்லை.

"மாப்ள!" என்று கத்தினான் செல்லதுரை, சத்தத்துக்கு மேல். "நான் இன்னிக்கு ஊருக்குப் போனதும் கேப்பாங்க. எல்லாத்தையும் எனக்குச் சொல்லத் தெரியாது. சுருக்கமா சொல்லுங்க!"

இளவழகன் கைகளில் கொப்புளம் கண்டிருந்தது. அவனும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"ரெண்டு வாயிலயும் தண்ணி ஓடக் கூடாது மச்சான், விழணும்! ஒரு முழம் கீழ விழுந்துட்டா, அதுக்கப்புறம் கோரை இருக்கா சிமென்ட் இருக்காங்கறது தொட்டிக்குத் தெரியாது. குழி ரெண்டும் தூராம இருக்கறவரைக்கும் பங்கு சரியா இருக்கும்!"